நாலு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் நோன்புப் பெருநாளை எப்படிக் கொண்டாடுகிறீர்கள்?

நிலாமுற்றம்:

அஸ்ஸலாமு அலைக்கும். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பெருநாள் என்றால் கூட்டம்தான். பிறந்த வீட்டிலும் அப்படி, மாமியார் வீட்டிலும் அப்படி. பிறை தெரிந்த இரவு ஒருத்தரும் தூங்கமாட்டார்கள், இஸ்திரிப் பெட்டிக்கு வரிசை நிற்கும், அடுப்படியில் யார் எதைக் கிளறுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது, நடுவில் ஒரு குழந்தை தன் புதுச் செருப்பைக் காணோம் என்று அழுதுகொண்டிருக்கும். அதையெல்லாம் அப்போது தலைவலி என்றுதான் நினைத்தேன். வேலைக்காக இடம் மாறி வந்த பிறகு இப்போது நானும் அவரும், ஏழு வயதில் மகன், நாலு வயதில் மகள். உறவு என்று சொல்லிக்கொள்ளப் பக்கத்தில் யாரும் இல்லை.

போன பெருநாளைச் சொல்கிறேன். அவர் மட்டும் போய்த் தொழுதுவிட்டு வந்தார், எல்லாரும் புதுத் துணி போட்டோம், சாப்பிட்டோம், ஊருக்கு வீடியோ காலில் பேசினோம். மணியைப் பார்த்தால் ஒன்பதரை. பதினொரு மணி வாக்கில் மகன் வந்து, "பெருநாள் எப்பம்மா ஆரம்பிக்கும்?" என்று கேட்டான். எனக்கு என்ன பதில் சொல்வது என்றே தெரியவில்லை.

இந்த வருடமும் அப்படி ஆகிவிடக் கூடாது. உங்களைப் போலத் தனியாக இருக்கும் குடும்பங்கள் என்ன செய்கிறீர்கள்? கடையில் காசு கொடுத்து வாங்கும் யோசனை வேண்டாம், அது எனக்கே தெரியும்.

இன்னொன்று, லீவு. பெருநாள் என்றைக்கு என்று முந்தின இரவுதான் தெரியும் என்று சொன்னால் ஆபீஸில் மேலதிகாரி சிரிக்கிறார். நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

---

இருபத்தொன்பதா_முப்பதா:

வஅலைக்கும் ஸலாம். லீவு கதைக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

மேலதிகாரியிடம் "தெரியாது" என்று சொல்லாதீர்கள். தெரியாது என்றால் ஏதோ நாம் கவனிக்காமல் விட்ட மாதிரி ஆகிவிடுகிறது. "இந்த இரண்டு நாளில் ஒன்று, இதைத் தாண்டிப் போகவே போகாது" என்று சொல்லுங்கள். அதுதான் உண்மையும்கூட. நம் மாதம் 29 நாள் அல்லது 30 நாள், 28ம் கிடையாது 31ம் கிடையாது. நிலா ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு வரச் சராசரியாக 29 நாளும் ஏறக்குறைய பன்னிரண்டே முக்கால் மணி நேரமும் எடுத்துக்கொள்கிறது, அந்த அரை நாள் மிச்சம்தான் இத்தனை கூத்துக்கும் காரணம். 29ஆம் நோன்பு அன்று சூரியன் மறைந்ததும் மேற்கே பிறை கண்ணில் பட்டால் மறுநாள் பெருநாள், படாவிட்டால் முப்பதை முழுசாக்கிவிட்டு அதற்கடுத்த நாள். துருக்கி மாதிரிச் சில நாடுகளில் கணக்குப் போட்டு முன்கூட்டியே தேதியை அறிவித்துவிடுகிறார்கள், அங்கே இந்தப் பிரச்சினையே இல்லை. எது சரி என்று இங்கே ஆரம்பித்தால் அடுத்த ரமலான் வரை திரி ஓடும், வேண்டாம்.

நான் செய்வது, ரமலான் தொடங்கின முதல் வாரத்திலேயே இரண்டு தேதிக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிடுவேன். இரண்டில் ஒன்றைப் பிறை தெரிந்த இரவு ரத்து செய்வேன். நாலு வருடமாக அப்படித்தான். முதல் வருடம் முனகினார்கள், இப்போது 29ஆம் நோன்பு அன்று சாயங்காலம் அவர்களே "என்னப்பா, நிலா வந்துச்சா?" என்று கேட்கிறார்கள்.

அவரிடம் இதையும் சொல்லி வையுங்கள். நம் வருடம் ஏறக்குறைய 354 நாள், அதனால் பெருநாள் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். 2000ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு நோன்புப் பெருநாள், டிசம்பரில் இன்னொன்று என்று ஒரே வருடத்தில் இரண்டு வந்தது. அடுத்து 2033இலும் அப்படித்தான் வரப்போகிறது. அந்த வருடத்து லீவுக்கு இப்போதே துண்டு போட்டு வைக்கலாம்.

எங்கள் வீட்டில் இன்னமும் பேசிச் சிரிக்கும் பெருநாள் எது தெரியுமா? நான் சின்னப் பையன், முப்பதாம் நோன்பு வைத்திருந்தோம், காலை பத்து மணிக்கு மேல்தான் நேற்றே பிறை பார்த்த செய்தி உறுதியானது. வாப்பா வரிசையாக எங்களை நிற்க வைத்து ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் கொடுத்துக் குடி என்றார். பெருநாள் அன்று நோன்பு இருப்பது ஹராம், அதனால் செய்தி வந்த நிமிடமே விடவேண்டும். பட்டப்பகலில் எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு குடித்தோம். அப்புறம் ஆளுக்கொரு பக்கம் குளிக்க ஓட்டம். நண்பகலுக்கு முன்னால் செய்தி வந்ததால் அன்றே தொழுதோம். அதற்குப் பிறகு வந்திருந்தால் நோன்பை விட்டுவிட்டுத் தொழுகையை மறுநாள் தொழவேண்டி இருந்திருக்கும்.

---

நாலுமுத்து:

தங்கச்சி, உங்கள் பையன் கேட்டது ரொம்பச் சரியான கேள்வி. பெருநாள் எப்போது ஆரம்பிக்கும் என்றால், முந்தின நாளே ஆரம்பிக்கவேண்டும், அதுவும் ஃபித்ராவில், அதாவது பெருநாளுக்காக ஏழைகளுக்குக் கொடுக்கும் தர்மத்தில்.

நாங்களும் நாலு பேர்தான். முன்பெல்லாம் ஆளுக்கு இவ்வளவு என்று போனிலேயே பணம் அனுப்பிவிட்டு ஃபித்ரா முடிந்தது என்று இருந்தேன். அதில் தப்பு இல்லை, தானியத்தின் விலையைப் பணமாகக் கொடுக்கலாம் என்று நாலு மத்ஹபுகளில், அதாவது சட்டப் பிரிவுகளில், ஒன்றான ஹனஃபியில் இடம் உண்டு, மற்ற மூன்று மத்ஹபுகளிலும் தானியமாகவே கொடுக்கச் சொல்கிறார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியவில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு மாற்றினேன்.

ஃபித்ராவின் அளவு ஒரு ஸாவு. ஒரு ஸாவு என்றால் நாலு முத்து, ஒரு முத்து என்றால் நடுத்தர ஆள் ஒருவர் இரண்டு கையையும் சேர்த்து அள்ளும் அளவு. அந்தந்த இடத்தில் ஜனங்கள் எதை முக்கிய உணவாகச் சாப்பிடுகிறார்களோ அந்தத் தானியத்தில் அளக்கவேண்டும். எடை பார்த்தால் தானியத்தைப் பொறுத்து இரண்டரையிலிருந்து மூன்று கிலோ வரும். கடைசி நோன்பு அன்று அஸர் என்கிற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு தரையில் துணி விரித்து உட்கார்ந்துவிடுவோம். நான் இரண்டு கையாலும் அள்ளிப் போடப் போடப் பிள்ளைகள் எண்ணுவார்கள், நாலு வந்ததும் ஒரு பை கட்டப்படும். இது அம்மாவுக்கு, இது அத்தாவுக்கு, இது எனக்கு, இது பாப்பாவுக்கு. முதல் வருடம் என் மகளுக்கு ஆச்சரியம், "நான் முழு நோன்பு ஒண்ணுகூடப் பிடிக்கலையே, எனக்கும் எதுக்கு?" என்றாள். நோன்பு பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், பச்சைக் குழந்தையாக இருந்தாலும், வீட்டில் உள்ள ஒவ்வொரு தலைக்கும் உண்டு என்று சொன்னேன். அவள் கையாலும் ஒரு தடவை அள்ளிப் பார்த்தாள். என் ஒரு முத்துக்கு அவளுக்கு நாலு அள்ளு வேண்டியிருந்தது. கடைசியில் எடைபோட்டுச் சரிபார்த்துவிடுவேன், என் கை கொஞ்சம் சின்னக் கை.

இதை மறந்துவிடாதீர்கள், பெருநாள் தொழுகைக்கு முன்னால் அது உரியவர் கைக்குப் போய்விடவேண்டும். தொழுகைக்குப் பிறகு கொடுத்தால் அது சாதாரண தர்மக் கணக்கில்தான் சேரும் என்று ஹதீஸ் இருக்கிறது. அன்றைக்கு யார் வீட்டிலும் அடுப்பு எரியாமல் இருக்கக் கூடாது என்பதுதான் விஷயம். ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகையைச் சீக்கிரம் வைத்து, இந்தப் பெருநாள் தொழுகையைக் கொஞ்சம் தாமதித்து வைப்பதுகூட ஃபித்ரா கொடுக்க நேரம் கிடைக்கட்டும் என்றுதான் சொல்வார்கள். யாருக்குக் கொடுப்பது என்பதை இருபதாம் நோன்புக்குள் விசாரித்து வையுங்கள். புது இடத்தில் அதுதான் உண்மையில் கஷ்டம், அளப்பது இல்லை.

---

கடைசி_ஸஃப்:

நீங்கள் எழுதியதில் ஒரு வரி எனக்கு உறுத்தியது. "அவர் மட்டும் போய்த் தொழுதுவிட்டு வந்தார்." ஏன் ராத்தா? நீங்களும் பிள்ளைகளும் ஏன் போகவில்லை? பெண்களுக்கு இடம் இல்லாத பள்ளியாக இருக்கலாம், அப்படியென்றால் திடலில் எங்கே தொழுகை நடக்கிறது என்று விசாரியுங்கள். பெண்களையும் வயசுப் பிள்ளைகளையும், மாதவிலக்கில் இருப்பவர்களைக்கூடப் பெருநாள் அன்று திடலுக்கு அழைத்து வரச் சொன்னார்கள் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் என்று உம்மு அதிய்யா ரலி அறிவிக்கிறார்கள். மாதவிலக்கில் இருப்பவர்கள் தொழும் இடத்தை விட்டுச் சற்று ஒதுங்கி இருந்து துஆவில் கலந்துகொள்ளலாம். நீங்கள் தேடுகிற கூட்டம் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் வீட்டுக் காலை இப்படித்தான். விடியற்காலை சுப்ஹு தொழுததும் எல்லாரும் குளியல். கிளம்பும் முன் ஆளுக்கு ஒற்றைப்படையில் பேரீச்சம்பழம், ஒன்றோ மூன்றோ. ஒரு மாதம் கழித்துக் காலை வெளிச்சத்தில் வாயில் ஒன்றைப் போடும்போது ஒரு திடுக்கிடல் வரும் பாருங்கள், அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். பழத்தை எடுத்த கை ஒரு வினாடி நிற்கும். அப்புறம் "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் சொல்லிக்கொண்டே நடை. ஒரு தெருவழியாகப் போய் வேறு தெருவழியாகத் திரும்புவது சுன்னத், அதாவது நபிவழி. பிள்ளைகளுக்கு இது பெரிய விளையாட்டு, திரும்பி வரும் வழியை அவர்களே முந்தின நாள் முடிவு செய்துவைப்பார்கள். ஒரு தடவை மகன் தேர்ந்தெடுத்த வழியில் இருபது நிமிஷம் சுற்றி, புதுச் செருப்பு கடித்து, அவனையே தூக்கிக்கொண்டு வந்தோம்.

பாங்கும், தொழுகை தொடங்கும்போது சொல்லும் இகாமத்தும் இல்லாத தொழுகை என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் எப்போது ஆரம்பித்தது என்றே தெரியாது. கூடுதல் தக்பீர்கள் வரும், ஷாஃபி மத்ஹப் என்றால் முதல் ரக்அத்தில், அதாவது தொழுகையின் முதல் சுற்றில், ஏழு, இரண்டாவதில் ஐந்து. ஹனஃபி என்றால் மூன்றும் மூன்றும். என் மகன் விரல் விட்டு எண்ணிக்கொண்டே கையைத் தூக்குவான், எண்ணிக்கை தப்பினால் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பான், அவரும் இவனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் குத்பா என்கிற பிரசங்கம் முதலில், பெருநாளில் தொழுகைக்குப் பிறகு. ஸலாம் கொடுத்ததும் செருப்பைத் தேடி ஓடுகிற கூட்டத்தோடு நீங்களும் ஓடிவிடாதீர்கள். குத்பா முடியும் வரை உட்கார்ந்து, முடிந்ததும் பக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் ஸலாம் சொல்லி, "நாங்க புதுசு" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதற்கு மேல் நீங்கள் எதுவும் செய்யவேண்டியதில்லை, மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

---

சும்மா_சொல்றேன்:

எல்லாரும் நல்லாத்தான் சொல்கிறீர்கள். நான் கொஞ்சம் எதிராகப் பேசுகிறேன்.

இப்போதெல்லாம் பெருநாளைக் குழந்தைகள் பர்த்டே மாதிரி ஆக்கிவிட்டார்கள். பலூன், தோரணம், ஒரே நிறத்தில் குடும்பத்துக்கே உடை, முப்பது போட்டோ. பெருநாள் என்பது நோன்புக்கான சந்தோஷம். ஒரு மாதம் பிள்ளை நோன்பையே பார்க்காமல் வளர்ந்திருந்தால் அன்றைக்கு மட்டும் என்ன செய்தாலும் "எப்ப ஆரம்பிக்கும்" என்றுதான் கேட்கும். ஏழு வயதுப் பையனை அரை நோன்பாவது பழக்குங்கள். விடியும் முன் சாப்பிடும் சஹருக்கு எழுப்புங்கள். அதைச் செய்யாமல் இங்கே யோசனை கேட்டு என்ன பயன்?

---

கடைசி_ஸஃப்:

நோன்பு பழக்குவது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பலூனுக்கு இவ்வளவு கோபம் வேண்டாம் காக்கா. பெருநாள் அன்று ஆயிஷா ரலி அவர்கள் வீட்டில் இரண்டு சிறுமிகள் தஃப் என்கிற கைப்பறையை அடித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். அபூபக்கர் ரலி அதட்டினார்கள். ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு பெருநாள் உண்டு, இது நம் பெருநாள், விட்டுவிடுங்கள் என்றார்கள் நபியவர்கள். அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டுக் காட்டியதை, நபியவர்களின் தோளுக்குப் பின்னால் நின்று ஆயிஷா ரலி போதும் என்கிற வரை பார்த்ததும் ஒரு பெருநாள் அன்றுதான். பலூனை விட ஈட்டி பெரிய சத்தம்.

---

சும்மா_சொல்றேன்:

சரி, பலூனை விட்டுவிடுகிறேன். முப்பது போட்டோவை விடமாட்டேன்.

---

மூணாவது_மாடி:

நான் முஸ்லிம் இல்லை, குறுக்கே வந்ததற்கு மன்னியுங்கள். தலைப்பைப் பார்த்ததும் எங்கள் பக்கத்து வீட்டு நினைவு வந்தது, அதுதான்.

அவர்களும் உங்களைப் போல நாலு பேர். இரண்டு வருடம் எதிரெதிரே இருந்தோம். பெருநாள் அன்று கதவு சாத்தியிருக்கும், உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கும். வாழ்த்துச் சொல்லப் போகலாமா, அது அவர்களுடைய பூஜை நேரமாக இருந்துவிட்டால் என்ன செய்வது, வெறுங்கையோடு போவதா, எதையாவது வாங்கிப் போனால் அதை அவர்கள் சாப்பிடலாமா என்று நானும் மனைவியும் யோசித்து யோசித்துக் கடைசியில் போகவே இல்லை. மூன்றாவது வருடம் அந்த அம்மா கதவைத் தட்டி, "நாளைக்கு இல்லாட்டி நாளன்னைக்கு எங்களுக்குப் பெருநாள், என்னைக்குன்னு ராத்திரி சொல்றேன், மத்தியானம் நாலு பேரும் வந்துடுங்க" என்றார். அன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் மொட்டை மாடியில் ஏறி நிலா தேடினார்கள். கிடைக்கவில்லை, மேகம். ஆனாலும் பத்து மணிக்கு அந்தப் பையன் ஓடி வந்து "நாளைக்குத்தான்!" என்று கத்திவிட்டுப் போனான்.

நீங்கள் கூப்பிடாமல் நாங்களாக வரமாட்டோம், எங்களுக்குக் கூச்சம். அதனால் கூப்பிடுங்கள். என்ன கொண்டு வருவது என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன், வேறு யாருக்காவது உதவும்: பழம் கொண்டு வாங்க, அதில் சந்தேகமே வராது.

---

இருபத்தொன்பதா_முப்பதா:

எட்டு மணிக்கு மாடியில் ஏறினால் மேகம் இல்லாவிட்டாலும் கிடைத்திருக்காது அண்ணா. முதல் பிறை சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்திலேயே தானும் மறைந்துவிடும். அடுத்த தடவை மக்ரிபுக்கே, சூரியன் மறைந்த உடனேயே, ஏற்றிவிடுங்கள். மேற்கே, சூரியன் இறங்கிய இடத்துக்குப் பக்கத்தில், நகம் வெட்டிப்போட்ட மாதிரி இருக்கும்.

---

வாப்பாவின்_நம்பர்:

போன ரமலானுக்குப் பிறகு வாப்பா மவுத்தாகிவிட்டார். இது அவர் இல்லாத முதல் பெருநாளாக இருக்கப்போகிறது. நான் எழுதுவது யோசனையா என்று தெரியவில்லை.

அவர் தொழுதுவிட்டு வந்ததும் ஒரு பழைய டைரியை எடுத்துக்கொண்டு உட்காருவார். அதில் நாற்பது, ஐம்பது நம்பர் இருக்கும். ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு ஸலாம் சொல்லி, "தகப்பலல்லாஹு மின்னா வமின்கும்", அதாவது எங்களிடமிருந்தும் உங்களிடமிருந்தும் அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும் என்று துஆ செய்வார், ஏதாவது மனஸ்தாபம் இருந்தால் மன்னிப்புக் கேட்பார். நாங்கள் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிடுவோம். ஒரு வருடம் ஏழெட்டு வருடமாகப் பேச்சே இல்லாத ஒருவரையும் அழைத்தார். அந்தப் பக்கம் எடுத்தவர் யார் என்று கேட்டிருப்பார் போல, வாப்பா தன் பெயரைச் சொன்னார், அப்புறம் இரண்டு பேருமே கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இந்தோனேசியாவில் பெருநாள் வாழ்த்தே "உள்ளும் புறமும் செய்த பிழையை மன்னியுங்கள்" என்றுதான் இருக்குமாம், அங்கே வேலை பார்த்த என் மச்சான் சொன்னார். நகரங்களில் இருக்கும் ஜனம் மொத்தமும் பிறந்த ஊருக்குத் திரும்புகிற அந்தப் பயணத்துக்கு மூதிக் என்று தனிப் பெயரே உண்டு.

ஊருக்குப் போக முடியாத நமக்கு டைரி இருக்கிறது. உங்கள் பையனை உட்கார வைத்து, ஆட்களின் பெயரை அவனையே எழுதச் சொல்லுங்கள், அழைப்பதும் அவன் பொறுப்பாக இருக்கட்டும். வீடியோ கால் வேண்டாம். அதில் எல்லாரும் கையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள், பேசுவதில்லை.

வாப்பாவின் டைரி இப்போது என்னிடம் இருக்கிறது. இந்த வருடம் நான்தான் கூப்பிடவேண்டும்.

---

நிலாமுற்றம்:

பெருநாள் முடிந்து மூன்று நாள் ஆகிறது, சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது.

முப்பது நோன்பும் முழுசாக வந்தது. 29 அன்று மக்ரிபுக்கு நாலு பேரும் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றோம், ஒன்றும் இல்லை. மகள் மட்டும் நான் பார்த்தேன் என்று இன்றுவரை சாதிக்கிறாள். லீவு, இரண்டு தேதிக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தேன், ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

ஃபித்ரா அளந்தோம். மகன் எண்ணினான், பத்தில் குழம்பிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். தொழுகைக்கு எல்லாரும் போனோம். உண்மையைச் சொல்லவேண்டும், பெண்கள் பக்கம் அவ்வளவு சத்தம், மைக் சரியில்லை, குத்பாவில் பாதி காதில் விழவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த அக்காவிடம் "நாங்க புதுசு" என்று சொன்னேன். அவர் என் நம்பரை வாங்கிக்கொண்டு, சாயங்காலமே பிள்ளைகளோடு வந்துவிட்டார். மத்தியானம் மாடி வீட்டுக்காரர்கள் வந்தார்கள், பழத்தோடு. நீங்கள் இந்தத் திரியைப் படித்தீர்களா என்று கேட்க வாய்வரை வந்தது.

போன் பட்டியலில் மகன் பதினேழு பெயர் எழுதினான். அதில் பதினொன்றாவது ஆள் அவனுடைய பழைய பள்ளி வேன் ஓட்டுநர். அவரிடம்தான் அதிக நேரம் பேசினான்.

சஹர் அலாரத்தை நிறுத்த மறந்துவிட்டேன். பெருநாள் அன்று விடியற்காலை நாலு மணிக்கு அடித்தது. அணைத்துவிட்டுத் திரும்பினால், கண்ணை மூடியபடியே நடந்து வந்து சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறான். இந்த வருடம் ஆறு அரை நோன்பு பிடித்தான், சும்மா_சொல்றேன் காக்காவுக்குத் தகவலுக்காக.

ஒரு சின்னக் கேள்வி. ரமலானுக்கு அடுத்த மாதமான ஷவ்வாலில் ஆறு நோன்பை நீங்கள் தொடர்ந்து வைக்கிறீர்களா, விட்டு விட்டா? ரமலானில் விடுபட்டு, பிறகு பிடிக்கவேண்டிய களா நோன்பும் எனக்கு ஏழு இருக்கிறது.

---

கடைசி_ஸஃப்:

மாஷா அல்லாஹ். தொடர்ந்தும் வைக்கலாம், விட்டு விட்டும் வைக்கலாம், ஷவ்வால் முடிவதற்குள் இருந்தால் சரி. களாவை முதலில் முடித்துவிடுவது நல்லது என்று சொல்வார்கள், அதற்கு அடுத்த ரமலான் வரை அவகாசமும் இருக்கிறது. உங்கள் பள்ளி ஆலிமிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நான் திங்களும் வியாழனும் வைக்கிறேன், அலாரத்தை இன்னும் நிறுத்தவில்லை.